வானம் தோண்டுகிற வேடிக்கை

ஆர்லாண்டோ, ஃபுளோரிடா
10.8.2025

அன்புள்ள பெரிய மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்கள், அத்தை, மாடி ரூம் மூன்று பேரும் சுகந்தானே? வாட்ஸ்அப்பில் நீட்டி எழுதினால் கண்ணைக் கட்டுகிறது, கடிதாசியாகப் போடு என்று சொன்னீர்கள். போட்டுவிட்டேன். இது பாளையங்கோட்டை வந்து சேருவதற்குள் மாடிக்குத் தளம் போட்டு, தண்ணீர் கட்டி, சென்ட்ரிங்கைப் பிரித்தே முடித்திருப்பீர்கள் என்று எழுத ஆசைதான். ஆனால் மூன்று வருஷமாக உங்கள் கொத்தனாரை எனக்கும் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாசம் 6ஆம் தேதி ஒரு ஆற்றின் துக்கத்துக்குப் போயிருந்தேன்.

தாமிரபரணி மாதிரி மலையில் பிறந்து கடலில் விழுகிற ஆறு இல்லை. கான்ட்ராக்டர் வெட்டியது. தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு வட்டமாகக் கிடந்தது. இங்கே டிஸ்னி வேர்ல்டில் மேஜிக் கிங்டம் என்று ஒரு பூங்கா. 1971 அக்டோபரில் திறந்தார்கள். அதற்குள் ‘ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்று இந்த ஆறு. நடுவில் ஒரு தீவு. பின்னால் சக்கரம் வைத்த நீராவிக் கப்பல் ஒன்று தீவைச் சுற்றிச் சுற்றி வரும். தண்ணீருக்கு அடியில் தண்டவாளம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டுதான் கப்பல் போகும். கேப்டன் தூங்கினாலும் கரை தட்டாது. 54 வருஷம் இப்படி ஓடிய ஆற்றைத் தூர்த்துவிட்டு, ‘கார்ஸ்’ சினிமாப் படத்தை வைத்து அங்கே ஒரு மலைநாடு கட்டப்போகிறார்கள். ஜூலை 6 கடைசி நாள்.

அன்றைக்கு வந்த கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு குடும்பம் கறுப்புச் சட்டை போட்டு வந்திருந்தது. நரைத்த தலை ஒருத்தர், தன் அப்பா தோளில் உட்கார்ந்து இதே கப்பலைப் பார்த்த பழைய போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, அதே இடத்தில் நின்று தன் பேரனைத் தோளில் ஏற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அதுவரை எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் கொஞ்சம் அடங்கிப்போனேன். கப்பல் ஊதியது. பக்கத்தில் நின்ற அம்மா மூக்கை உறிஞ்சினார்கள். நம்ம சின்னவள் என் சட்டையை இழுத்து, “அப்பா, இந்தத் தண்ணியை எங்கே கொண்டு ஊத்துவாங்க?” என்று கேட்டாள். உங்கள் ஓவர்சியர் வம்சம். அவளுக்கு வேறு கேள்வி வராது.

இந்தத் துக்கத்துக்கு என்னைக் கூட்டிப் போனவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர். வயது எழுபதுக்கு மேலே. ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பேர் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் சிறுபிள்ளைக்கும் உரிமை உண்டு. ஆனால் எனக்கு நாக்கு வரவில்லை, அதனால் ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுகிறேன். அர்த்தம் கேட்டார். மூத்தவர், மளிகைக்கடையும் வைத்திருக்கலாம் என்று சொன்னேன். சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

நாங்கள் போன நவம்பரில் நியூஜெர்சியிலிருந்து இங்கே குடி வந்தோமல்லவா, ஜனவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை அண்ணாச்சி வேலியோரம் வந்து, “புது லேண்ட் பாக்கப் போறேன், வாரியா?” என்றார். (அவர் இங்கிலீஷில் பேசுவதையெல்லாம் நம்ம ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.) லேண்ட் என்றதும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மனை! திருநெல்வேலி ஜங்ஷனில் வேன் வைத்துக் கூட்டிப்போய், மதியம் சாப்பாடு போட்டு, முள்ளுக்காட்டைக் காட்டி, “இங்க பஸ் ஸ்டாண்டு வருது, இங்க காலேஜ் வருது” என்பார்களே, அந்த மாதிரி. வீட்டில் பட்டுச்சேலை கட்டாத குறைதான், மற்றபடி நல்ல உடுப்பு போட்டுக் கிளம்பினோம். “அட்வான்ஸ்னு ஒரு டாலர் கொடுத்திராதீங்க, வில்லங்கம் பாக்காம” என்று காருக்குள்ளேயே எனக்குப் பாடம்.

போய் இறங்கினால் அனிமல் கிங்டம். டிஸ்னியின் இன்னொரு பூங்கா. சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் இருக்கிற இடம். எங்கள் மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். அண்ணாச்சி வருஷ பாஸ் வைத்திருக்கிறார். யானையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்து, ஒரு தகர மறைப்புக்கு முன்னால் போய் நின்று, “இதுதான்” என்றார்.

மாமா, மறைப்பு! ரெண்டு ஆள் உயரம், நீட்டுக்கு. அதற்கு முன்னால் முப்பது நாற்பது பேர், ஃபோனைக் குச்சியில் மாட்டி மறைப்புக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு. நம்ம ஊர்த் தேரோட்டத்தில் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுவோமே, அப்படி. அந்த இடத்தில் டைனோசருக்கென்று ஒரு லேண்ட் இருந்ததாம். அதில் பாதியை ஜனவரியில் மூடிவிட்டார்கள். அங்கே தென் அமெரிக்கக் காடும் ஊருமாக 11 ஏக்கரில் புதிது ஒன்று 2027இல் வருகிறது. இப்போதைக்கு வந்திருப்பது மறைப்பு மட்டும். ஐந்து நிமிஷம் ஒன்றும் இல்லை. திடீரென்று மறைப்புக்கு மேலே பொக்லைனின் மஞ்சள் கை ஒரு தடவை எட்டிப் பார்த்து, ஒரு கை மண்ணைக் கொட்டிவிட்டு இறங்கியது. கூட்டம் மொத்தமும் “ஓ!” என்றது. கைதட்டல் வேறு.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். டிக்கெட் விலை அப்படி. ஆனால் நடந்தது என்னவென்றால், என்னை அறியாமல் என் ரெண்டு கையும் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. ஒரு காலை லேசாக மடக்கி, தாடையைத் தூக்கி, ‘இவன் பிடிக்கிற லெவல் சரியில்லையே’ என்று பார்க்கிற பார்வை தானாக வந்துவிட்டது. நீங்கள் வேலை மேற்பார்க்க நிற்கிற நிலை அது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தார் போடுகிற ரோடு ரோலரைப் பார்த்து நான் நின்றுவிட்டதற்காக அப்பா எத்தனை நாள் பிரம்பெடுத்திருக்கிறார்! “வேலை வெட்டி இல்லாத பயதான் தோண்டுறதைப் பாத்துட்டு நிப்பான்” என்பார். நீங்கள் மட்டுந்தான், “நிக்கட்டும் அத்தான், நாளைக்கு உதவும்” என்று சொல்வீர்கள். நாற்பது வருஷம் கழித்து, பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அது உதவிவிட்டது. அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்து, “நீ ஏற்கெனவே இந்தத் தொழில்ல இருந்தவன் போல” என்றார். அன்றிலிருந்து எங்கள் சிநேகம்.

வேடிக்கை பார்ப்பதில் நம்மைவிட இவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள் மாமா. நாம் நின்று பார்ப்போம், டீ குடிப்போம், போவோம். இவர்கள் ரெக்கார்டு பார்க்கிறார்கள். இந்த ஃபுளோரிடாவில் யார் கட்டடம் ஆரம்பித்தாலும் ‘வேலை தொடங்குகிறோம்’ என்று ஒரு நோட்டீஸைக் கவுண்டி ஆபீஸில் பதிய வேண்டும். யார் சொத்து, யார் கான்ட்ராக்டர், எந்த இடம், எல்லாம் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அண்ணாச்சி காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அதைத்தான் படிக்கிறார், நீங்கள் பேப்பரில் மரண அறிவித்தல் படிக்கிற மாதிரி. அதில் ஒரு எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் பேர் வந்தால், “ஓஹோ, இந்தக் கம்பெனி போன தடவை ஆடுற பொம்மைக்குத்தானே வயர் இழுத்தான், அப்போ இதுக்குள்ளயும் பொம்மை இருக்கு” என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

அது பத்தாதென்று மழைத்தண்ணீர் பெர்மிட். இந்த ஊர் முழுக்கச் சதுப்பு. எங்கே மண்ணைக் கிளறினாலும் தண்ணீர் எங்கே வடியும் என்று வாட்டர் மேனேஜ்மெண்ட் டிஸ்ட்ரிக்டுக்குப் படம் போட்டுக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். கம்பெனி வாயைத் திறக்காமல் ரகசியமாக வைத்திருக்கிற திட்டத்தின் உருவம் அந்த வடிகால் படத்தில் தெரிந்துவிடும். கட்டடம் எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் வளைகிறது எல்லாம் தெரியும். அண்ணாச்சி அதை எடுத்துக் கலர் பென்சிலால் தீட்டி, டைனிங் டேபிள் மேல் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். “இது ரைடு. இது சாப்பாட்டுக்கடை. இது கக்கூஸ், குழாய் சைஸைப் பாரு.” பட்டா, சிட்டா, அடங்கல், எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் எல்லாம் வைத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் வாசலில் ஒருத்தர் உட்கார்ந்திருப்பாரே, அவர் இவரிடம் டியூஷன் படிக்க வேண்டும்.

மேலேயிருந்து பார்க்கிற கூட்டம் தனி. டிஸ்னி பூங்காக்களுக்கு மேலே 3,000 அடிக்குக் கீழே விமானம் பறக்கக் கூடாது என்று 2003இலிருந்து அரசாங்கத் தடை இருக்கிறது. நம்ம ஆட்கள் சட்டத்தை மீறுகிற ஜாதி இல்லை. 3,000 அடிக்கு மேலே போய், தும்பிக்கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டி, கீழே கம்பி கட்டியிருப்பதை எண்ணுகிற அளவுக்குத் தெளிவாகப் படம் பிடித்துவிடுகிறார்கள். ஆறு வற்றிக்கிடக்கிற படம் இப்போது அப்படித்தான் வந்தது. அண்ணாச்சி பார்த்துவிட்டு ராத்திரி சாப்பிடவில்லை என்று அவர் வீட்டம்மா சொன்னார்கள். மறுநாள் அதே படத்தில் ஒரு புதுக் கிரேன் நிற்பதைக் கண்டுபிடித்துவிட்டார். ரெண்டு தட்டு சாப்பிட்டாராம்.

இந்த ஊர் எப்படி உண்டாயிற்று என்று அண்ணாச்சி சொன்ன கதை உங்களுக்கென்றே செய்தது. 1960களில் வால்ட் டிஸ்னி இங்கே இடம் வாங்க வந்தார். தன் பேர் வெளியே தெரிந்தால் விலை ஏறிவிடும் என்று, பேரே கேள்விப்படாத கம்பெனிகளைப் பதிந்து அவற்றின் மூலம் வாங்கினார். அதாவது பினாமி! 27,000 ஏக்கருக்கு மேலே. சராசரியாக ஏக்கர் 200 டாலர்கூட இல்லை. 1965 அக்டோபரில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று ‘வாங்குவது இவர்தான்’ என்று போட்டு உடைத்தது. அப்புறம் விலையை யார் பிடிக்க? “எங்க ஊர்லயா படிச்சாரு உங்காளு?” என்று கேட்டேன். அண்ணாச்சிக்குப் புரியவில்லை. வாங்கியவர் அடுத்த வருஷமே டிசம்பரில் இறந்துபோனார். பூங்கா திறந்ததைப் பார்க்கவில்லை.

இங்கே ரெண்டு அடி தோண்டினால் தண்ணீர். பேஸ்மெண்ட் என்பதே கிடையாது. ஆனால் வேலைக்காரர்கள், குப்பை, சரக்கு எல்லாம் கண்ணில் படாமல் போய்வர அடியில் பாதை வேண்டும். என்ன செய்தார்கள்? தரையிலேயே பாதையைக் கட்டினார்கள். பக்கத்தில் ஒரு பெரிய ஏரி வெட்டி, அந்த மண்ணை அள்ளி வந்து பாதையைச் சுற்றி மூடினார்கள். மேலே ஊரை வைத்தார்கள். ஆக, மேஜிக் கிங்டத்தில் நடக்கிற ஒவ்வொருத்தனும் முதல் மாடியில்தான் நடக்கிறான், அவனுக்கே தெரியாது. நீங்கள் கேட்டால் “வெட்டின மண்ணை விக்காம ரொப்புனானே, அவன் இன்ஜினீயர்” என்பீர்கள்.

அந்த நாளிலேயே இந்த வேடிக்கைப் பைத்தியம் இருந்திருக்கிறது. பூங்கா திறப்பதற்கு ஒன்றே முக்கால் வருஷம் முன்னால், 1970 ஜனவரியில், பக்கத்தில் ஒரு சின்னக் கட்டடத்தைத் திறந்து, வரப்போகிற பூங்காவின் மாதிரியைச் செய்து வைத்தார்களாம். அந்த மாதிரியைப் பார்க்க மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். வந்தவர்களில் அண்ணாச்சியும் உண்டு. அப்பா கைப்பிடித்துப் போனேன் என்று சொல்லும்போது வயதுக் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது, நான் கேட்கவில்லை. இன்னும் பின்னால் போனால், வால்ட் டிஸ்னிதான் இந்தக் கூட்டத்துக்கே குலதெய்வம். கலிஃபோர்னியாவில் முதல் டிஸ்னிலேண்டைக் கட்டும்போது 1954 அக்டோபரிலிருந்து டிவியில் தானே வந்து உட்கார்ந்து, வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்று ஊருக்கெல்லாம் காட்டினார். கட்டக் காசு கொடுத்தவர்களில் அந்த டிவிக் கம்பெனியும் உண்டு. 1955 ஜூலையில் திறந்த அன்றைக்குத் தார் காயாமல் பெண்களின் செருப்பு உள்ளே மாட்டிக்கொண்டதாம். ஒரு வருஷத்தில் கட்டினால் வேறென்ன நடக்கும்?

வேகமாகக் கட்டினால் இப்படி. மெதுவாகக் கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கும் அண்ணாச்சியிடம் கதை இருக்கிறது. மேஜிக் கிங்டத்தில் ‘ட்ரான்’ என்று ஒரு ரோலர் கோஸ்டர். 2017 ஜூலையில் அறிவித்தார்கள். அது போகிற வழியில் பூங்காவைச் சுற்றி வருகிற நீராவி ரயிலின் பாதை குறுக்கிட்டது. ‘கொஞ்ச நாள்’ என்று சொல்லி ரயிலை 2018 டிசம்பரில் நிறுத்தினார்கள். ரயில் மறுபடி ஓடியது 2022 டிசம்பரில். ரைடு திறந்தது 2023 ஏப்ரலில். நடுவில் கொரோனாவும் வந்து போனது. அந்த ஐந்தே முக்கால் வருஷத்தில், மேலே ஊர்ந்து போகிற ஒரு சின்ன வண்டி ஓடிய மாசமெல்லாம் அண்ணாச்சி ஒரு தடவை அதில் ஏறி, வேலை நடக்கிற இடத்தைக் கடக்கும்போது படம் எடுத்திருக்கிறார். கடைசியில் திறந்தபோது ஏறினீர்களா என்று கேட்டேன். “ஒரு தடவை. ரெண்டு நிமிஷம்கூட இல்லை” என்றார். சொன்ன குரலில் மகளைக் கட்டிக்கொடுத்த அப்பாவின் வெறுமை.

கட்டாமலே போனதும் உண்டு. அதற்குத் தனித் துக்கம். அனிமல் கிங்டம் 1998இல் திறந்தபோது நிஜ மிருகம், செத்துப்போன மிருகம், கற்பனை மிருகம் என்று மூன்று வகைக்கும் இடம் வருவதாகப் பேச்சு. பூங்காவின் சின்னத்தில் யானைக்குப் பக்கத்தில் டிராகன்கூடப் போட்டுவிட்டார்கள். கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு பகுதிக்கு ‘யூனிகார்ன்’ என்று பேரும் வைத்துவிட்டார்கள். கற்பனை மிருகத்துக்கான லேண்ட் மட்டும் வரவேயில்லை. தியேட்டரை இடித்து முப்பது வருஷம் ஆனாலும் பஸ் ஸ்டாப்புக்கு தியேட்டர் பேர் நிற்பது நமக்குத் தெரியும். கட்டாத தியேட்டருக்கு பஸ் ஸ்டாப் இங்கேதான் பார்க்கிறேன். நான் ஒவ்வொரு தடவையும் காரை யூனிகார்னில் விடச் சொல்லிக் கேட்கிறேன். எனக்கு அதில் ஒரு திருப்தி.

டிராகன் கடைசியில் எதிர்க்கடைக்குப் போய்விட்டது. யுனிவர்சல்காரர்கள் ‘எபிக் யுனிவர்ஸ்’ என்று புதுப் பூங்காவையே கட்டி மே 22ஆம் தேதி திறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அறிவித்து, 2020இல் கொரோனாவில் நிறுத்தி, 2021 மார்ச்சில் மறுபடி தொடங்கிய வேலை. ஐந்து உலகங்கள். அதில் ஒன்று முழுக்க டிராகனுக்கே. ஜூன் மாசம் அண்ணாச்சியோடு போனோம். நான் ரைடுகளைப் பற்றி எழுதப்போவதில்லை, அது சின்னவள் சொல்லுவாள், நேரில் கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரம் ஆகும். நான் பார்த்தது அண்ணாச்சியை. எல்லோரும் முகப்பைப் பார்க்க, அவர் பாறையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். “இதுக்குப் பின்னால ஒரு இரும்புத் தூண் இருக்கு. நான் பாத்திருக்கேன். இனிமே யாரும் பாக்க முடியாது.” கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ளாமல், “இவன் மூணு வயசுல படிக்கட்டுல விழுந்தான், இந்தா தழும்பு” என்று சொல்கிற பாட்டியைப் போல.

அந்தப் பாறை வேலையை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். முதலில் மலையைச் சின்னதாக மாதிரி செய்து அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு கம்பியும் எங்கே எவ்வளவு வளைய வேண்டும் என்று அது கணக்குப் போட்டு மெஷினே வளைத்துக் கொடுக்கிறது. கம்பிக் கூட்டைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து இரும்புச் சட்டத்தில் தொங்கவிட்டு, வலை கட்டி, மேலே சிமெண்டுக் கலவையைக் குழாயில் பீய்ச்சுகிறார்கள். இதுவரை மெஷின். அதற்கப்புறம் மனுஷன். கலவை இறுகுவதற்குள் சாரத்தில் தொங்கிக்கொண்டு, கரண்டியாலும் கத்தியாலும் கீறி, வெடிப்பு, மடிப்பு, மழை அரித்த தடம் எல்லாம் கையாலேயே செதுக்க வேண்டும். சில மணி நேரந்தான் இருக்கும். கோயில் திருப்பணியின்போது கோபுரத்தில் சுதை வேலை செய்தவர்களைப் பார்க்க என்னைச் சாரத்தில் ரெண்டு நிலை ஏற்றினீர்களே, அம்மாவுக்குத் தெரியாமல்? ஈரத்தோடு யாளிக்கு ஒருத்தர் பல்லு வைத்துக்கொண்டிருந்தார். அந்த யாளியைக் கும்பாபிஷேகத்துக்கு அப்புறம் நான் ஒவ்வொரு தடவையும் தேடிப் பார்ப்பேன். எனக்கு மட்டும் தெரிந்த பல்லு. இதைச் சொன்னதும் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் பத்து நிமிஷம் நாங்கள் பேசவில்லை.

அப்புறம் அவர் கேட்டார், “அந்த மாமா இப்போ என்ன கட்டுறாரு?”

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். உங்கள் மாடி ரூம் படங்களைக் காட்டினேன்.

மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். 2022இல் நீங்கள் செங்கல் இறக்கிய படத்திலிருந்து போன மாசம் சென்ட்ரிங் அடித்த படம் வரை அத்தனையும் இப்போது அண்ணாச்சி வீட்டில் தேதி வாரியாக அச்சடித்து ஃபைலில் இருக்கின்றன. “மூணு வருஷமா? சரியான வேகந்தான்” என்று மரியாதையாகச் சொன்னார். ட்ரானைப் பார்த்த மனுஷனுக்கு மூன்று வருஷம் ஒரு கணக்கா? சனிக்கிழமை தோறும் வேலியோரம் வந்து, “பாளையங்கோட்டையில என்ன நிலவரம்?” என்கிறார். ஊர்ப் பேரைச் சொல்ல ஆறு வாரம் பழகினார்.

நிறையக் கேள்வி கேட்கிறார். தூண் கம்பியை மேலே நாலு அடி நீட்டி விட்டிருக்கிறீர்களே, அது அடுத்த மாடிக்குத் திட்டமா, அறிவித்துவிட்டாரா என்றார். அறிவிக்கவில்லை, ஆசை என்றேன். “ப்ளூ ஸ்கை” என்று எழுதிக்கொண்டார். இவர்கள் பாஷையில் இன்னும் காகிதத்துக்கு வராத திட்டத்துக்கு அதுதான் பேர். சன்ஷேடில் நாக்கைத் தொங்கவிட்டுக் கட்டியிருக்கிற திருஷ்டிப் பொம்மையைப் பார்த்துவிட்டு, இது எந்தப் படத்தில் வருகிற ஆள், திறந்த பிறகு குழந்தைகளோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டார். வேலை முடிந்ததும் இறக்கிவிடுவார்கள் என்றதும் முகம் வாடிவிட்டது. அது முகப்பிலேயே நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆடி மாசம் ஆதலால் கொத்தனார் வரவில்லை என்றதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போய்க் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிறார் என்று நீங்கள் எழுதியதைச் சொன்னேன். “கான்ட்ராக்டர்னா எங்கயும் அப்படித்தான்” என்றார்.

ஆனால் நேற்று வந்தபோது முகம் சரியில்லை. ரெண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று ஜூலை முதல் வாரம் நீங்கள் வேப்பமரத்தடியிலிருந்து எடுத்தது. இன்னொன்று போன ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் எடுத்தது. லென்ஸை வைத்துப் பார்த்தாராம். ஜூலைப் படத்தில் சென்ட்ரிங்குக்குக் கீழே சவுக்கு முட்டு 24 இருக்கிறது. புதுப் படத்தில் 21. வடமேற்கு மூலையில் மூன்றைக் காணோம்.

நானும் எண்ணிப் பார்த்தேன் மாமா. 21தான். கொத்தனார் கோயிலுக்குத்தான் போனாரா, இல்லை வேறு எங்கேயாவது தளம் போடப் போனாரா என்று கொஞ்சம் விசாரியுங்கள். அடுத்த படத்தை அதே வேப்பமரத்தடியில் நின்றே எடுங்கள், அண்ணாச்சிக்குக் கோணம் மாறினால் பிடிக்காது. அத்தையை முன்னால் நிறுத்த வேண்டாம், முட்டு மறைக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்